புள்ளிக்கோடு

மாகறலிலிருந்து பெரிய காஞ்சிபுரம் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் ஒரு தச்சரும் அவர் மனைவியும்.

"பிளான்ல புள்ளி புள்ளியா கோடு இருந்தா தலைக்கு மேல உத்தரம் வருதுன்னு அர்த்தமாம். இன்ஜினியர் நேத்து சொல்லித்தான் தெரியும்."

"நீங்க இன்னான்னு நெனச்சீங்க?"

"வேணாம்னு விட்ட கோடுன்னு நெனச்சி, உத்தரமே வெக்கல."

"தெரியலன்னா கேக்கறதுதானே?"

"இத்தனை வருஷமா ஆசாரின்னு கூப்புடறாங்க. எப்படிக் கேக்கறது?"



"தறியில உக்காந்துக்கினு இருந்தவர் மேல அந்தக் கூரை விழுந்திச்சே, அவருக்கு எப்படி இருக்குது?"

"வலது கையை எடுத்துட்டாங்க."

"இன்ஜினியர் கேட்டப்போ இன்னா சொன்னீங்க?"

"உத்தரம் வெச்சேன், கொத்தனார் கட்டின செவுருதான் சரியில்லைன்னு சொல்லிட்டேன். அவனைப் போலீஸ் கூட்டிக்கினு போயிடிச்சி."

கண்டக்டர் போலீஸ் ஸ்டேஷன் நிறுத்தம் என்று குரல் கொடுத்தார். அந்த அம்மாள் எழுந்தார்.

"வாங்க, போய்ச் சொல்லிடலாம்."

"நாளைக்குப் போலாம், உக்காரு."

"அவனுக்கும் பொண்டாட்டி இருக்குதுங்க."

அந்த அம்மாள் மட்டும் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் ஸ்டேஷனுக்குள் போனார். பஸ் நகர்ந்தது. கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகும் தச்சர் எழுந்திருக்கவில்லை.