ஆண்கள் வாய் திறந்த சனிக்கிழமை அறை

காலையில் கனிவும் மாலையில் கண்டிப்புமாய், சில நாள் இரண்டும் இடம் மாறியுமாய், சிறுநீர்ப்பாதை நோய்ப் பிரிவைச் செம்மையுற நடத்திய எங்கள் தலைமைச் செவிலியர் அக்கா அவர்களே! ஊசியினும் கூரிய கண்ணும் பஞ்சினும் மெல்லிய கையும் வாய்க்கப்பெற்றவரே! மூத்த மருத்துவரையும் ஒற்றை முறைப்பில் மௌனமாக்கும் மாண்பினரே! வணக்கம்.

தங்கள் பணி நிறைவு விழாவில் வாசிக்க இம்மடலை எழுத அமர்ந்தபோது எங்களுக்குப் பெருங்குழப்பம். தங்கள் பண்புகளைப் பட்டியலிடலாம் என்றார் மயக்க மருந்து நிபுணர். பணியாண்டுகளைப் போற்றலாம் என்றார் அலுவலகக் கண்காணிப்பாளர். பேசிப் பேசிக் களைத்து, கடைசியில் ஒரு மனிதருக்கு நேர்ந்ததைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தோம். அந்த மனிதரும் சம்மதித்துவிட்டார்.

சரக்குக் கிடங்கில் கிரேன் ஓட்டுபவர் அவர். டன் கணக்கான எடையை அந்தரத்தில் தொங்கவிட்டு, இரும்புக்கூண்டில் அலட்டிக்கொள்ளாமல் அமர்ந்திருந்த அந்த மனிதர், வெளிநோயாளர் தாழ்வாரத்தில் ஒரு பிற்பகல், எல்லோரும் போன பிறகும் எழுந்திருக்கவில்லை. தாங்கள்தான் அருகில் போய் அமர்ந்தீர்கள்.

"சிஸ்டர், புராஸ்டேட்ல புற்றுநோய் இருக்குங்கறாங்க. இப்போதைக்கு ஒண்ணும் பண்ண வேண்டாம், அப்பப்ப டெஸ்ட் எடுத்துப் பாத்துக்கலாம்ங்கறாங்க. அப்ப நான் நோயாளியா, இல்லையா? வலிச்சாலாவது நம்பலாம். ஒரு வலியும் இல்லையே!"

அவருக்கு வந்தது மெதுவாக வளரும் வகை, கண்காணிப்பே போதும் என்று தாங்கள் சொன்னீர்கள், மறுபடி சொன்னீர்கள், மாற்றிச் சொன்னீர்கள். ஒவ்வொரு முறையும் சமர்த்தாகத் தலையாட்டினார்.

"நான் சொல்றது காதுல விழுது, மனசுல விழல," என்றீர்கள். "சனிக்கிழமை மத்தியானம் வாங்க. உங்கள மாதிரி நாலு பேர் இருப்பாங்க."

சனிக்கிழமை வந்தார். கோப்புகள் அடைத்துவைத்திருந்த பழைய அறை. நாற்காலிகளில் நடுவயது தாண்டிய ஆண்கள், துக்க வீட்டுக்கு வந்தவர்கள்போல உட்கார்ந்திருந்தார்கள். தாங்கள் தேநீர்க் குடுவையை வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டீர்கள். கிரேன்காரருக்கு ஒன்றும் புரியவில்லை.

"சிஸ்டர் போயிட்டாங்களே! அப்ப யார் கிளாஸ் எடுப்பாங்க?"

அறை அதிரச் சிரித்தார்கள். துக்க வீடு எங்கே போயிற்றோ தெரியவில்லை. கூட்டியவரே இல்லாத கூட்டமா என்று நாங்களும் அந்நாளில் குழம்பியதுண்டு. "நான் இருந்தா நல்ல பேஷன்டா நடிப்பாங்க. நான் போனாத்தான் அழுவாங்க," என்று ஒருமுறை சொன்னீர்கள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாய்க் கேட்ட அந்தக் கதவுக்கு வெளியே, பஞ்சு மடித்தபடி தாங்கள் நின்ற நிலையே நாங்கள் கற்ற பெரும்பாடம்!

அன்று முதலில் பேசியவர், அறுவை சிகிச்சை முடிந்த ஒரு டெய்லர்.

"ஊருக்கெல்லாம் பேண்ட் தைக்கிறவன் நான். ஆபரேஷனுக்கு அப்புறம் மாசக்கணக்குல என் பேண்ட்டை ஈரமாகாம வெச்சுக்கத் தெரியல எனக்கு. இருமினா போச்சு, சிரிச்சா போச்சு. இப்ப பரவால்ல. நீங்க தைரியமா சிரிக்க வைக்கலாம்."

கிரேன்காரர் சிரிக்கவில்லை. சட்டென்று கொட்டிவிட்டார். உடம்புக்குள் அது இருக்கும்போது கூண்டில் ஏறவே மனம் வரவில்லை, யாருக்கும் தெரியாமல் வேறொரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று, மனைவியிடம் மூச்சுவிடவில்லை, எதையாவது உளறிவிடுவோமோ என்று கூடத்தில் தனியாகப் படுக்கிறார்.

டெய்லர் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"தம்பி, வெட்டி எடுக்காதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். எடுங்கன்னும் சொல்ல மாட்டேன். அது டாக்டர்கிட்ட கேக்க வேண்டியது. எனக்கு எடுக்க வேண்டியிருந்தது. ஆனா, வெளியூர் வேலைன்னு பொய் சொல்லிட்டுத்தான் நான் போய்ப் படுத்தேன். என் சம்சாரம் எப்படியோ தெரிஞ்சு ஓடி வந்தா. வந்து, 'நான் யாருங்க உங்களுக்கு?'ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டா."

கிரேன்காரர் வீடு சேர்ந்தபோது மனைவி பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார். "எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேங்க. உங்க மனசுல வேற யாரோ இருக்காங்க. எனக்கா தெரியாது?"

இவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சொல்லக் கூசும் இடங்களில் நாக்கு குழறியது, ஆனாலும் சொன்னார். அறுவைக்குப் பின் தாம்பத்தியம் என்னாகுமோ என்ற பயத்தையும் சேர்த்துத்தான்.

"அட, அவ்வளவுதானா?" என்றார் அந்த அம்மாள். அடுத்த மூச்சிலேயே, "ஐயோ, இவ்வளவா!" என்று உட்கார்ந்துவிட்டார். எதற்கு அழுகிறோம், எதற்கு நிம்மதி என்று இருவருக்கும் விளங்கவில்லை. அடுக்கிய துணிகள் அலமாரிக்குத் திரும்பின என்பது மட்டும் நிச்சயம்.

மறுவாரம் தம்பதியாய்த் தங்கள் முன் வந்தார்கள். கணவர் கேட்கத் தயங்கியதையெல்லாம் மனைவி கேட்டார். தாங்கள் மருத்துவரையும் அழைத்து உட்காரவைத்துப் பதில் சொல்லவைத்தீர்கள். அவசரத்தில் குறித்த நாள் கைவிடப்பட்டது. இன்றுவரை அவர் கண்காணிப்பிலேயே இருக்கிறார், வேலைக்கும் போகிறார். குழப்பம் தீர்ந்ததா என்றால், இல்லை. பி.எஸ்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனையின் முடிவு வரும்வரை ஒவ்வொரு தடவையும் பயமாகத்தான் இருக்கிறது. பயமாக இருக்கிறது என்று சொல்ல இப்போது ஓர் இடம் இருக்கிறது.

அன்பின் அரணே! ஆண்களின் அழுகைக்கு அறை தந்த அருந்தகையே! பணி நிறைவடைவதைத் தாங்கள் கடந்த சனிக்கிழமை அவர்களிடம் சொன்னீர்கள். டெய்லர் ஏதோ நகைச்சுவை சொல்ல முயன்று பாதியில் நிறுத்திக்கொண்டாராம். கிரேன்காரர் நேரே எங்களிடம் வந்தார். "இனிமே அந்த ரூமை யாருங்க திறப்பாங்க?"

மாலைக்குச் சொல்லியிருந்தோம், மண்டபத்துக்குச் சொல்லியிருந்தோம். இதை மட்டும் நாங்கள் யோசித்திருக்கவில்லை.

"நான் திறக்கறேன்," என்றார் அவரே. "எனக்கு எடுத்துச் சொல்லவெல்லாம் வராது. கதவைத் திறந்து வெச்சா, மிச்சத்தை அவங்க பாத்துக்குவாங்க."

நோய் தீண்டாத உடலும் நொந்து வாடாத உள்ளமும் பெற்று, பேரப்பிள்ளைகளையும் எங்களைப் போலவே மிரட்டி வளர்த்து, நிறைவாழ்வு நெடுங்காலம் வாழ்க, அக்கா! மனமார வாழ்த்தும் இவ்வேளையில் ஒரே ஒரு விண்ணப்பம். தங்கள் கொத்திலிருந்து அந்த அறையின் சாவியைக் கழற்றித் தாருங்கள். கிரேன்காரர் மூன்றாவது வரிசையில், மனைவியின் அருகில், எழுந்து வரலாமா கூடாதா என்று தெரியாமல் பாதி எழுந்தபடி இருக்கிறார்.

என்றும் தங்கள் அன்பில்,
சிறுநீர்ப்பாதை நோய்ப் பிரிவின் மருத்துவர்கள், செவிலியர்கள், ஊழியர்கள்;
முதன்முறையாக எங்களோடு சேர்ந்து கையொப்பமிடும் சனிக்கிழமை அறையின் ஆண்கள்.