குப்பாச்சியின் மகன்

அருட்செல்வம்: நாயோ? என்ரை பேரனுக்கு நாயின்ரை பேரோ?

தர்மினி: ஐயோ அப்பா, ஃபோனுக்குள்ளை கத்தாதேங்கோ. பிள்ளை நித்திரை.

அருட்செல்வம்: கீழ்மாடிச் சீனக்காரரிட்டைக் கேட்டனான். கோஷெங் எண்டால் ‘நாய் தின்னாமல் விட்டது’ எண்டு கருத்தாம்!

தர்மினி: அது வீட்டுப் பேர். பதிவிலை அன்நிங். அமைதி எண்டு கருத்து.

அருட்செல்வம்: அப்ப அதையே கூப்பிடுறதுக்கென்ன?

தர்மினி: என்ரை மாமி, வெய்யின்ரை அம்மா வைச்சவ. சின்னனிலை வடிவான பேர் சொல்லிக் கூப்பிட்டால் பேய் ஏதும் வந்து பிள்ளையைக் கொண்டுபோயிடுமாம்...

அருட்செல்வம்: நான் பிள்ளையின்ரை முப்பத்தொராம் நாளுக்கு வரேல்லை. நீங்களே கொண்டாடுங்கோ.

தர்மினி: ஓ! நீங்கள் மட்டும் திறமோ? பள்ளிக்கூட வாசலிலை நிண்டு என்னைக் ‘குப்பாச்சி, வா’ எண்டு கூப்பிடுவியள். வெக்கத்திலை செத்தனான்.

அருட்செல்வம்: அது... செல்லத்துக்கு.

தர்மினி: நல்ல செல்லம். சாப்பிட்டாச்சோ?

அருட்செல்வம்: பாணும் சம்பலும். ஒரு ஆளுக்கு என்ன சமையல்.

தர்மினி: இஞ்சை பியோர்ண்டாலுக்கு, எங்கடை வீட்டை வந்து எங்களோடை இருங்கோ எண்டாலும் கேக்கமாட்டியள்.

அருட்செல்வம்: கதையை மாத்தாதை. அந்தக் கிழவி ஏன் அப்பிடிப் பேர் வைச்சவ?

தர்மினி: அது... இல்லையப்பா...

அருட்செல்வம்: பிள்ளை... அழுறியே?

தர்மினி: இவனுக்கு முதல் ரண்டு தங்கேல்லையப்பா.

அருட்செல்வம்: பிள்ளை, எனக்கேன் சொல்லேல்லை?

தர்மினி: அம்மாவும் போய், நீங்கள் தனிய... ஏன் உங்களுக்கும் பாரம் எண்டுதான் சொல்லேல்லை. மாமிக்குத் தெரியும். அதுதான்...

அருட்செல்வம்: எத்தினை மாசத்திலை?

தர்மினி: ரண்டாவது அஞ்சிலை.

அருட்செல்வம்: காய்ச்சல், வராதேங்கோ எண்டியே. அப்பவோ?

தர்மினி: ஓம்... அப்பா? இருக்கிறியளோ?

அருட்செல்வம்: இருக்கிறன். கருத்தைக் கேட்டவுடனையே எனக்குப் பயம் வந்திட்டுது. அப்பிடிப் பேர் சும்மா வைக்கிறேல்லை எண்டு எனக்குத் தெரியும். அதுதான் கத்தினனான்.

தர்மினி: உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

அருட்செல்வம்: உனக்கு முதல் ஒரு பெடியன் இருந்தவன். சேந்தன். அம்மா ஆசையா வைச்ச பேர். இருபது நாள்தான். நீ பிறந்தாப்பிறகு அவ உன்னைத் தொடவே பயந்தா... நான் இப்பவும் இருக்கிற இந்த ஹவுகன்ஸ்டுவா வீட்டுக் குப்பைப் பெட்டிக்குப் பக்கத்திலை, கொட்டுற பனிக்குள்ளை உன்னை ஒருக்கா வைச்சிட்டு, ‘குப்பாச்சி’ எண்டு கூப்பிட்டுத் தூக்கினனான். அம்மா போனாப்பிறகு இதை ஆரோடை கதைக்கிறது, சொல்லு? சரி... முப்பத்தொண்டுக்கு வாறன். அந்தப் பேரை ஒருக்கா ஆறுதலாச் சொல்லிக்காட்டு, பிள்ளை. நான் பிழையாக் கூப்பிடக்கூடாது.