ஒன்றரை டிகிரி

ஷூ என்னோடதுதான் தம்பி. பெடல்ல கால் கோணாம நேரா உக்கார்ற மாதிரி செஞ்சு குடுங்க, போதும். ஆனா ஒண்ணு, நான் உங்க கடைக்கு வந்தது உங்க சைக்கிள் கிளப்புல ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. முக்கியமா எங்க வீட்டுக்காரருக்கு.

ஆமா, அவரேதான். நீங்கல்லாம் புரொஃபசர்னு கூப்பிடறீங்களே, அவரு. பேங்க்ல வேலை பாத்து ரிட்டயர் ஆன மனுஷன் எந்தக் காலேஜுல புரொஃபசர் ஆனாருன்னு எனக்கும் தெரியல.

அவரு கிட்டயே காட்டாம இங்க ஏன் வந்தேன்னு கேக்கறீங்க. நியாயந்தான். ஞாயித்துக்கிழமை காலைல எங்க ஹாலுக்கு வந்து பாருங்க. சோபா பூரா உங்க கிளப்பு ஆளுங்க காலு. இவரு தரையில மண்டி போட்டு, ஊரான் குதிகாலையெல்லாம் கையில ஏந்திக்கிட்டு, உள்ள சாயுது, வெளிய சாயுதுன்னு ஜோசியம் சொல்லிக்கிட்டிருப்பாரு. சாயற காலை நிமித்த ஷூவுக்கு அடியில சொருகற பிளாஸ்டிக் துண்டு இருக்கே, அதை வெட்ஜும்பாரு. நான் ஆப்புன்னுதான் சொல்வேன். அவருக்குக் கோவம் பொத்துக்கிட்டு வரும். பிரிட்ஜுல முட்டை வைக்கிற குழியில பூரா அந்த ஆப்புதான். சமையல் கத்திரி காணோம்னா, ஷூவுக்குள்ள போடற இன்சோல் வெட்டிப் போட்ட குப்பையில தேடணும். ஆப்போட சாய்வு ஒன்றரை டிகிரி பத்தலைன்னு யாராவது சொல்லிட்டா போதும், அன்னிக்கு அவருக்குத் தூக்கம் போச்சு.

வெளிய போனாலும் இதே கூத்துதான். ஒரு தடவை லிஃப்ட்ல ஒரு பொண்ணோட காலையே கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாத்திருக்காரு. அவ புருஷன் சட்டையப் பிடிச்சிட்டான். நான்தான் போய், உங்க சம்சாரத்தப் பாக்கலைங்க, அவங்க உள்ளங்கால் வளைவத்தான் பாத்தாருன்னு சமாதானம் சொன்னேன். அதுக்கப்புறம்தான் அவன் கைய ஓங்கினான்.

சிரிங்க, சிரிங்க. எங்கப்பாவத் தூக்கிட்டுப் போறப்ப நான் அழுதுக்கிட்டு நிக்கறேன், இவரு என் காதுகிட்ட வந்து, முன்னாடி தூக்கறவருக்கு இடது முட்டி உள்ள மடங்குது, ஒரு இன்சோல் வச்சா சரியாயிடும்னாரு. எங்கண்ணன் முட்டி அது. அடுத்த ஞாயிறே அவனும் எங்க சோபால வந்து உக்காந்துட்டான்னு வைங்க.

என்னது, நடந்து காட்டணுமா? அந்தக் கண்ணாடி வரைக்குமா? சரி.

ஏன் சிரிப்ப நிறுத்திட்டீங்க?

பாத்துட்டீங்களா. ஆமா தம்பி, வலது கால் குட்டையாப் போச்சு. இடுப்பு மூட்டு தேஞ்சுக்கிட்டே வருதாம். நடக்கறதக் குறைச்சுக்கிட்டு சைக்கிள் மிதிங்க, ஆபரேஷனத் தள்ளிப் போடலாம்னு டாக்டர் சொன்னாரு. அதான் இந்த ஷூ.

நான் கண்ணாடிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு. அவரு முன்னாடி ரெண்டு வருஷமா இப்படித்தான் சாஞ்சு சாஞ்சு நடக்கறேன். காப்பி கொண்டுபோய்க் குடுக்கற சாக்குல வேணும்னே ஹாலச் சுத்திச் சுத்தி நடந்து பாத்தேன். டிவி மறைக்குது, நகருன்னாரு. யாரோ ஒருத்தன் கால் வீடியோவ டிவில போட்டுப் பாத்துக்கிட்டிருந்தாரு. எனக்கு ரொம்ப அவமானமா இருந்துச்சு தம்பி.

ஐயோ, போன எடுக்காதீங்க. சொன்னா ஓடி வருவாரு, எனக்குத் தெரியாதா? இங்கயே மண்டி போட்டு என் குதிகாலையும் கையில ஏந்துவாரு. சொல்லித்தான் அவரு பாக்கணும்னா, அதுக்கு நீங்களே போதும்.

வலது பக்கம் கொஞ்சம் ஏத்தி வைக்கணுமா? வைங்க. எவ்வளவு வேணுமோ வைங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சு அனுப்பிடுங்க. இல்ல, அந்த விலாசம் வேண்டாம். என் தங்கச்சி வீட்டு விலாசம் தர்றேன், எழுதிக்குங்க. பெட்டி, சைக்கிள் எல்லாம் அங்க போயாச்சு. நேத்துலேருந்து நானும் அங்கதான் இருக்கேன்.

இன்னும் அவருகிட்டேருந்து போன் வரல.