தே தாரிக் நிறத்தில் எண்ணெய்

கிள்ளானில் படகு இஞ்சின் சாமான் விற்கும் கடை. வரிசையில் எனக்கு நேர் முன்னால் இரண்டு பேர். ஒருவர் படகுக்காரர். கடையிலேயே விலை கூடிய எண்ணெய் டின் அவர் கையில் இருந்தது. கூட நின்றவர் அவருடைய மச்சான்.

“எண்ணெய் அளக்குற டிப்ஸ்டிக்க இழுத்துப் பார்த்தேன். எண்ணெய் அப்படியே தே தாரிக் மாதிரி, பால் டீ நிறத்துல இருக்கு” என்றார் படகுக்காரர்.

“அது எண்ணெய்க் கோளாறு இல்ல மச்சான். உள்ள தண்ணி போயிருக்கு.”

“அதான் நல்ல எண்ணெயா ஊத்தப் போறேன் லா. இருநூறு ஹார்ஸ்பவர் இஞ்சின், சும்மாவா?”

“தங்கத்த உருக்கிக்கூட ஊத்து. தண்ணி மறுபடியும் வரும். நடுக்கடல்ல இஞ்சின் இறுகி நின்னுட்டா?”

“நாளைக்கு மீன் பிடிக்க ஆறு பேர் வராங்க. இப்பப் போய் முடியாதுன்னா வேற படகுக்குப் போயிடுவாங்க. அப்புறம் நம்ம பக்கம் திரும்ப மாட்டாங்க.”

“சரி, நானும் வரேன்.”

“நீ எதுக்கு?”

“துடுப்புப் போட ஆள் வேணாமா?”

படகுக்காரர் சிரிக்கவில்லை. சொன்னவரும் சிரிக்கவில்லை. வரிசை நகர்ந்து அவர்கள் முறை வந்தது.

“இந்த எண்ணெய்தானா அண்ணே?” என்று கடைப்பெண் கேட்டாள்.

அவர் டின்னை மேசையில் வைத்தார். கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.

“இஞ்சினப் பிரிச்சுப் பாக்க இன்னிக்கே ஆள் கிடைக்குமா தங்கச்சி?”