நாப்பத்திரண்டு இஞ்ச்

— மூச்சை இழுக்காத கண்ணு, நேரா நில்லு. இடுப்பு... நாப்பத்திரண்டு. எழுதிக்கோ.

— எழுத மாட்டேன்ப்பா.

— ஏன், பென்சில் முனை உடைஞ்சிடுச்சா?

— ஆஸ்பத்திரில இருக்கிறதுலயே பெரிய அங்கி என்னைச் சுத்தி வரல. அதனாலதான் வீட்டுலயே தைச்சு எடுத்துட்டு வரச் சொன்னாங்க. நாப்பத்திரண்டுக்குத் தைச்சீங்கன்னா முன்பக்கத்து மானம் மட்டும்தான் மறையும்.

— அப்ப ஆபரேஷனே வேண்டாம்னு விட்டுடுவோம். துணியும் மிச்சம்.

— அதானே பாத்தேன், இன்னும் ஆரம்பிக்கலையேன்னு.

— முப்பது வருஷமா கத்தரி பிடிக்கிறவன் சொல்றேன். வெட்டினா வெட்டினதுதான். தையல்னா பிரிக்கலாம். உடம்பு இளைக்கணும்னு பதினாறு வயசுப் பிள்ளைக்கு இரைப்பையில முக்காவாசிய எடுத்துடுவாங்களாம். இன்னும் ஒரு வருஷம் நடந்து பாக்கலாமே.

— நாலு வருஷம் நடந்தாச்சு. மூணு ஜோடி செருப்பு தேஞ்சுது, நான் தேயல. அரை வயிறு சாப்பிட்டேன், மாத்திரையும் முழுங்கினேன். கடைசில சக்கரைதான் வந்துச்சு. நாளைக்குள்ள ஆபரேஷன் சம்மதப் பேப்பர்ல உங்க கையெழுத்து வேணும்ப்பா.

— கை வரமாட்டேங்குது கண்ணு.

— நிஜ அளவைச் சொல்லவே உங்களுக்கு வாய் வரல. கை எங்க வரும்?

— என்ன நிஜ அளவு?

— அம்பத்தாறரை.

— யாரு, நர்ஸ் சொன்னாங்களா?

— யாரும் சொல்ல வேண்டாம். நாலு வருஷமா நான் நாப்பத்திரண்டுலயே நிக்கிறேன், ஆனா தைக்கிற சட்டையெல்லாம் கச்சிதமா இருக்கு. நானே டேப்பைச் சுத்திப் பாத்துட்டேன்.

— வாய்தான் நாப்பத்திரண்டுன்னு சொல்லும். கத்தரிக்குப் பொய் சொல்லத் தெரியாது. தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தே?

— நீங்க அவ்வளவு சந்தோஷமா சொல்வீங்க. அதை ஏன் கெடுப்பானேன்னு விட்டுட்டேன். ஐயோ, அழாதீங்கப்பா. டேப்பு நனையுது.

— நனைஞ்சா நீளும். அளவு குறையும்.

— அதானே!

— உனக்குப் பயமே இல்லையா?

— இருக்கு. ஆனா நான் மாடி ஏற முடியலைன்னு மொத்த வகுப்பையும் கீழ இறக்கி வச்சிருக்காங்க. அந்தப் படியை நான் ஏறணும். பயந்துக்கிட்டே போறேன். எனக்கு வேணும்ப்பா இது.

— சரி. மெஷினுக்குப் பின்னாடி ஒரு பை தொங்குது பாரு, அதை எடு.

— இது... அங்கி! அளவே எடுக்காம எப்பத் தைச்சீங்க?

— போன செவ்வாய்க்கிழமை. பாக்கெட்டுல கைய விடு.

— ஆஸ்பத்திரி அங்கிக்கு யாராவது பாக்கெட் வைப்பாங்களா? என்ன பேப்பர் இது... அப்பா, கையெழுத்துப் போட்டு ஒரு வாரமாச்சு! அப்ப இவ்வளவு நேரம் என்கூட மல்லுக்கட்டினது?

— அப்பா சொன்னாருன்னு வர்றாளா, அவளுக்கே வேணுமான்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்கன்னாங்க டாக்டரம்மா. அளவு எடுக்கும்போதுதான் நீ என்கிட்ட நின்னு பேசுவே. அதான் நடிச்சேன்.

— நல்லாவே நடிச்சீங்க. அதுலயும் அந்தப் பயம், அப்படியே நிஜம் மாதிரி.

— அது மட்டும் நடிப்பில்ல கண்ணு.