குத்தியது, விழவில்லை

"படுங்கோ! நிலத்தோட படுங்கோ! எழும்பாதேங்கோ!"

கத்துவது நான்தான். பிள்ளைகள் இருவரையும் வாய்க்காலுக்குள் தள்ளிவிட்டேன். அவர்களுக்கு மேலே நான் கிடக்கிறேன். வாய் நிறைய மண். டும். குத்திவிட்டான். இனிக் கூவும். பிறகு விழும். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறேன். கூவவில்லை. விழவுமில்லை. மறுபடி டும்.

பீரங்கியிலிருந்து செல் புறப்படும் சத்தத்தை வன்னியில் 'குத்துறான்' என்போம். குத்தினால் நின்ற இடத்திலேயே விழுந்து படுக்க வேண்டும். காது கேட்டதும் உடம்பு தானாக விழும். மூளையிடம் கேட்காது.

ஆனால் இது வன்னி இல்லை. பிரான்ஸ். ஆகஸ்ட் மாதம். பக்கத்தில் சூரியகாந்தி வயல்.

"யோகா, என்ன ஆச்சு உங்களுக்கு? குழந்தைங்க பயந்துட்டாங்க பாருங்க!" வித்யா மேடம் ஓடி வந்தார்.

சார் சிரித்தார். "அது காக்கா விரட்டற மிஷின். கேஸ்ல வெடிக்கும். அவ்ளோதான்."

அவ்வளவுதானாம்.

அபுதாபியில் இவர்கள் வீட்டில் பிள்ளை பார்ப்பது என் வேலை. சென்னைக்காரர்கள். சாருக்கு அங்கே முசஃபா தொழிற்பேட்டையில் இன்ஜினியர் வேலை. நல்லவர்கள், குறை சொல்ல மாட்டேன். லீவுக்கு என்னையும் கூட்டி வந்தார்கள். குன்றின் மேல் பழைய ஊர். இடிந்த மதில், தேவாலயம். ஊரைச் சுற்றி ஒரு நடைபாதை. மரத்திலும் மதிலிலும் மஞ்சள் மையால் அடையாளம். ஒற்றைக் கோடு என்றால் போகலாம். குறுக்குக் கோடு என்றால் போகக்கூடாது. மஞ்சளைப் பிடித்துக்கொண்டே நடந்தால் புறப்பட்ட இடத்துக்கே பத்திரமாக வந்து சேரலாம் என்றார் சார். சும்மா காற்று வாங்க நடப்பவனுக்குக்கூட இங்கே பொய் சொல்லாத வழி இருக்கிறது.

எங்களுக்கும் வன்னியில் ஆர்மிக்காரர் வழி சொன்னார்கள். லவுட் ஸ்பீக்கரில். தமிழில். இந்த வீதியால் வாருங்கள், வெள்ளைத் துணி பிடியுங்கள், சுட மாட்டோம்.

வந்தோம். கடைசிச் சண்டை நடந்த மாசி மாதம். காலை வெயில். தடியில் என் கணவரின் கலியாண வேட்டி கட்டியிருக்கிறது. அதைவிட வெள்ளையாக எங்களிடம் வேறொன்றும் இருக்கவில்லை. அவர் முன்னால் போகிறார். தங்கை ரஜனி பின்னால். மகன் நிதர்சன் என் கையில். ஆறு வயது. குத்துகிறான். "படடா! படு!" கத்துகிறேன். எல்லோரும் விழுகிறோம். தடியும் விழுகிறது. நிதர்சன் மட்டும் படுக்கவில்லை. வெள்ளைத் துணி இருந்தால் சுட மாட்டார்கள் என்று அவனுக்குச் சொன்னவள் நான்தான். என் கையை உதறிக்கொண்டு வேட்டியைத் தூக்க ஓடுகிறான். தகப்பன் அவனைப் பிடிக்க எழும்புகிறார். பிறகு புகை. பிறகு ஒன்றுமில்லை.

சூரியகாந்தி வயலோர வாய்க்காலைத் தாண்டி நடந்தோம். பாதை வளைவில் ஒரு கல். அடியில் வாடாத பூக்கள். மூத்தவள் தாரா பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படிக்கிறாள். குனிந்து வாசித்தாள்.

"ஆன்ட்டி, இங்க நாலு பேரை ஷூட் பண்ணாங்களாம். பேர் எல்லாம் இருக்கு. ஷூட் பண்ணது ஜெர்மன் சோல்ஜர்ஸ்னுகூட போட்டிருக்கு."

செத்தவன் பெயர். கொன்றவன் யார் என்பதும். நடந்து போகிறவன் வாசிக்க, வழியோரத்தில். எங்கள் பக்கம் செத்தவனுக்கு ஒரு விளக்கு ஏற்றினாலே புலனாய்வுக்காரன் வந்து படம் பிடித்துக்கொண்டு போவான். கல்லைப் பார்த்தபடி நின்றேன். அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

அபுதாபியில் எங்கள் கட்டட வாட்ச்மேன் ஒரு சிங்களப் பெடியன். முன்பு ஆர்மியில் இருந்தவன். "அக்கே, பேக் குடுங்க" என்று ஓடி வருவான். பிள்ளைகளின் சைக்கிளைத் தூக்கி வைப்பான். இத்தனை காலமும் அவனை ஒன்றும் கேட்டதில்லை. திரும்பி வந்த மறுநாள், லிஃப்டடியில் கேட்டேன்.

"கடைசிச் சண்டையில நீ எங்க நிண்டனி?"

அவன் சிரிப்பு நின்றது. "பீரங்கிப் பக்கம். ஓர்டர் வந்தா அடிக்கிறது. ஆள் தெரியாது அக்கே. அது கலாஸ். முடிஞ்சு."

"எனக்குக் கலாஸ் இல்லையடா. ஓர்டர் தந்தவன்ர பேர் என்ன?"

லிஃப்ட் பொத்தானை எனக்காக அமத்திவிட்டு வாசல் பக்கம் போனான்.

பழிவாங்கத் துவக்கு, தோட்டா எல்லாம் எதற்கு? என்னிடம் வாய் இருக்கிறது. தினமும் காலையில் அவன் "குட் மார்னிங் அக்கே" என்பான். நான் "நிதர்சன்" என்பேன். பிறகு அதே கேள்வி. அவனுக்குச் சோறு இறங்காமல் போகட்டும். நித்திரை போகட்டும். இவனும் ஏவப்பட்டவன்தானே, விடுங்கள் யோகா என்கிறார் மேடம். விட மாட்டேன். மன்னிக்கச் சொல்லி என்னிடம் யாரும் வராதேங்கோ.

போன வாரம் அவன் டியூட்டியைப் பின் கேட்டுக்கு மாற்றிக்கொண்டான். குப்பை போகிற வழி அது. குப்பை கொண்டுபோவது நான்தான்.

அந்த வீதியில் நான் இழந்தவை: மகன் நிதர்சன். கணவர் சிவராசா. தங்கை ரஜனி. அவள் வயிற்றில் இருந்த பிள்ளை, அதற்குப் பெயர் வைக்கவில்லை. ஒரு தையல் மெசின். ஒரு சைக்கிள். ஒரு கலியாண வேட்டி.

கொன்றவன் பெயர் இன்னும் கிடைக்கவில்லை. நாளைக் காலையிலும் கேட்பேன்.