ராட்சசனுக்குப் பாதி பிஸ்கட்

— நீ சொல்லு மஞ்சுக்கா, போஸ்டர்ல ஏன் என் பேர் இல்லை?

— மொதல்ல டீயைக் குடி. ஆறிப்போறது.

— டீ கிடக்கட்டும். 'கல்யாணராமனின் விண்வெளி காமிக்ஸ், வழங்குபவர் அவர் மகள் மஞ்சு.' ஆபீஸ்ல ஒருத்தன் வாட்ஸப்ல அனுப்பி, இது உன் அப்பாவான்னு கேக்கறான். மத்லப், அதாவது, ஊருக்கெல்லாம் தெரிஞ்சப்புறம் எனக்குத் தெரியறது.

— இதைக் கேக்கறதுக்கா நொய்டாவுலேர்ந்து கோல் மார்க்கெட் வரைக்கும் வந்தே? கேட்டுக்கோ. அந்த சயின்ஸ் ஃபிக்‌ஷன் ரசிகர் கூட்டம் நடத்தறவா என்னைத்தான் கேட்டா, பழைய தமிழ் காமிக்ஸ் இருக்கான்னு. இருக்குன்னேன். ஞாயித்துக்கிழமை மேஜை மேல அடுக்கி வெச்சு, மேடையில பத்து நிமிஷம் பேசணும். இதுல உன்னை எங்கே சேர்க்கறது?

— நானும் அவர் பிள்ளைதானே?

— பிள்ளைதான். ஆனா அப்பா போனதுலேர்ந்து அந்த ட்ரங்குப் பெட்டி என் கட்டிலுக்கடியில இருக்கு. அந்துருண்டை போட்டது நான். பிஞ்சுபோன அட்டைக்குத் தையல் போட்டது நான். நீ வீட்டுச் சுவர் முழுக்க ப்ரொஜெக்டர்ல படம் பார்த்துண்டிருந்தே.

— பெட்டியை உன்கிட்டக் குடுத்ததே அவர்தான். என்னை ஒரு வார்த்தை கேட்டாரா?

— உனக்குத் தமிழ் படிக்க வராதுடா, ப்ரசன்னா.

— அச்சா, அது என் தப்பா? நீ கும்பகோணத்துல பாட்டிகிட்ட இருந்து மூணாங்கிளாஸ் முடிச்சுட்டு வந்தே. நான் இங்கே டெல்லியிலேயே பொறந்தேன். ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு அப்பளம் வாங்கப் போவார். பைக்குள்ள சுருட்டி ஒரு காமிக்ஸ் வரும். செருப்பைக்கூடக் கழட்டாம, 'மஞ்சு, புதுசு வந்திருக்கு'ம்பார். ரெண்டு பேரும் பால்கனியில உக்காந்துப்பேள். நான் பின்னால நின்னு படத்தை மட்டும் பார்ப்பேன். பறக்கும் தட்டுலேர்ந்து ஒருத்தன் கையை நீட்டி என்னமோ சொல்லுவான். என்ன சொல்றான்னு கேட்டா, 'இரு, இந்தப் பக்கம் முடியட்டும்'பே. அது முடியவே முடியாது.

— இன்னுமா அதை ஞாபகம் வெச்சிண்டிருக்கே?

— நாப்பத்திரெண்டு வயசாச்சு. போன மாசம் அதே இதழ் ஒருத்தர்கிட்ட இருந்தது. வாங்கிண்டு வந்து, அந்தக் கட்டத்தைப் போன்ல மொழிபெயர்த்துப் பார்த்தேன்.

— என்ன சொல்றான்?

— 'கதவைச் சாத்து, காற்று வெளியே போகிறது.' அவ்வளவுதான். இதுக்கா முப்பத்தஞ்சு வருஷம் ஏங்கினேன்னு ஆயிடுத்து.

— சிரிக்கப்படாது. ஆனா அடக்க முடியலை.

— சிரி. உன்கிட்ட அப்பா இருந்தார். நீ சிரிக்கலாம்.

— என்கிட்டயா? சரி, இப்ப நான் கேக்கறேன். சனிக்கிழமை காலைக்காட்சிக்கு அப்பா யாரை அழைச்சுண்டு போனார்?

— என்னைத்தான்.

— ராக்கெட்டும் ரப்பர் சட்டை போட்ட ராட்சசனும் வர பழைய இங்கிலீஷ் படம். பன்னெண்டு வயசுல எனக்கு அதைவிட என்ன வேணும்? அந்தத் தியேட்டருக்குப் பொம்மனாட்டி போகப்படாதுன்னுட்டா அம்மா. நீ ஏழு வயசு. அப்பா விரலைப் பிடிச்சுண்டு பஸ் ஸ்டாப்புக்குக் குதிச்சுண்டே போவே. நான் ஜன்னல் கம்பியைப் பிடிச்சுண்டு நிப்பேன். ஒரு தரம் உன் ஷூவுக்குள்ள தண்ணி ஊத்தி வெச்சேன், தெரியுமோ?

— அது நீயா? ஷூவை நனைச்சேன்னு அம்மா என்னை அடிச்சா.

— நன்னா வேணும்னு நெனச்சுண்டேன். இப்பவும் பெரிசா வருத்தமில்லை.

— ஆனா வீட்டுக்கு வந்ததும் அப்பா உனக்குத்தானே முழுக் கதையும் சொல்லுவார். நீ சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் பக்கத்துலேர்ந்து எழுந்திருக்க மாட்டார்.

— எனக்குக் கிடைச்சது அது ஒண்ணுதான். அதுலயும் அந்த நெப்ட்யூன் படம். எல்லாரும் ராக்கெட்ல ஏறிப் போயிடறா, ஒருத்தன் மட்டும் அங்கேயே மாட்டிக்கறான். கடைசியில அவன்கிட்ட ஒரே ஒரு பிஸ்கட் மிச்சம். ராட்சசன் எதிர்ல வந்து நிக்கறது. இவன் பிஸ்கட்டை ரெண்டா உடைச்சு, பாதியை அதுகிட்ட நீட்டறான். அதுக்குத் திங்கத் தெரியலை. மோந்து பார்த்துட்டு அவன் பக்கத்துல வந்து உக்காந்துக்கறது. அப்பா அதைச் சொல்லச்சே குரலே மாறிடும். மேடையில அதைத்தான் சொல்லப் போறேன்.

— அதையா?

— ஏன் முழிக்கறே? அந்தப் படத்தைப் போன வருஷம் தேடிப் பிடிச்சுப் பார்த்தேன். அந்த சீனையே காணோம், எவனோ வெட்டிட்டு முடிவையே மாத்திட்டான். அன்னிக்கு எனக்கு வந்த வயித்தெரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. அதை முழுசாப் பார்த்தவன் நீ. அதுவும் அப்பா தோள்ல சாஞ்சுண்டு.

— மஞ்சுக்கா, மேடையில அதைச் சொல்லாதே.

— ஏன், அதுவும் உனக்குப் பொறுக்கலையா?

— யாரும் எதையும் வெட்டலை. படத்துல அவன் அந்த ராட்சசனைச் சுட்டுக் கொன்னுடுவான். அதோட முடிஞ்சுது.

— அப்ப அப்பா என்கிட்டப் பொய்யா சொன்னார்?

— அப்பா படமே பார்க்கலை. விளக்கை அணைச்ச அஞ்சாவது நிமிஷம் தூங்கிடுவார், வாரம் முழுக்க ஆபீஸ் அலுப்பு. திரும்பி வரச்சே பஸ்ல, 'கதையைச் சொல்லுடா, மஞ்சு கேட்பா'ம்பார். அந்த ராட்சசன் செத்ததைச் சொல்ல எனக்கு மனசு வரலை. அந்த பிஸ்கட், நான் விட்ட ரீல்.